பெட்டிக்கு ஓர் ஆம்ப்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் முன்னறையில் ஒரு பெட்டி, தனக்கு ஓர் ஆம்ப் வரும் என்று காத்திருந்தது.

பெட்டி என்றதும் துணிமணி வைக்கிற பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். முழங்கால் உயரம். மெல்லிய பிளைவுட்டில் செய்து கறுப்பு வண்ணம் அடித்து, முன்பக்கம் வட்டமாக வெட்டி, அதில் ஒரு ஸ்பீக்கரை மாட்டியிருந்தது. அந்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்புதான் பெட்டிக்குத் தொண்டை. ஆனால் தொண்டை மட்டும் இருந்து என்ன செய்ய? மூச்சு வேண்டும். அந்த மூச்சைக் கொடுப்பது ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர். ஆம்ப் இல்லாத பெட்டி வெறும் மரம். இது பெட்டிக்கும் தெரியும். இருந்தாலும் அதற்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. புது வண்ணம் அடித்த எதற்கும் சில நாள் மிதப்பு இருக்கும்தானே.

பெட்டியைச் செய்தவள் ஹெப்சிபா. பகலில் தபால் நிலையத்தில் வேலை. கல்யாண நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பாள். தடித்த நாலு கம்பிகளோடு, பாட்டுக்கு அடியில் நடந்துகொண்டே இருக்குமே, அந்தக் கிட்டார்தான். பாட்டு முடிந்ததும் பாடியவரைப் பாராட்டுவார்கள், டிரம்ஸ்காரரைப் பாராட்டுவார்கள், சில சமயம் மேடை அலங்காரத்தைக்கூடப் பாராட்டுவார்கள். பேஸ் வாசித்தவளிடம் வந்து, "நீங்க பாடுவீங்களா?" என்று கேட்பார்கள். ஹெப்சிபாவுக்கு இது பழகிப்போயிருந்தது. அதனால் அவளுக்கு வருத்தமில்லை. வாசிக்க இடம் இருந்தால் போதும்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

முதுகில் டிஸ்க் விலகி, ஒரு குடம் தண்ணீருக்கு மேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய பழைய ஆம்ப்போ இரும்பு உடம்பு. அதைத் தூக்க இரண்டு ஆண்கள் வேண்டும். மூன்று கல்யாணங்களில் குழுவினர் தூக்கினார்கள். நாலாவதில் முனகினார்கள். அதற்கடுத்து, குழுவை நடத்துகிற ஜெயசிங் வீட்டுக்கே வந்துவிட்டான். கீபோர்டு வாசிப்பவனும் அவன்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீய. ஒங்க ஆம்பத் தூக்கவே ரெண்டு ஆளு வேண்டியிருக்கு. வேன்லயும் எடம் பத்தல. பேஸ என் எடது கையே வாசிச்சிரும். நீங்க கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்களேன்."

"கொஞ்ச நாளுன்னா எவ்வளவு நாளு தம்பி?"

ஜெயசிங் வாசலில் தன் செருப்பைத் தேடினான். கச்சேரிக் குழுவில் கொஞ்ச நாள் என்று ஒதுங்கியவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வார சனிக்கிழமை கல்யாணம் வரைக்கும் பொறு. நான் ஒத்தையில தூக்கிட்டு வார மாதிரி ஒண்ணு செஞ்சு கொண்டாரேன். அதுல பேஸ் கேக்கலன்னு வையி, நானே ஒதுங்கிக்கிடுதேன்" என்றாள் ஹெப்சிபா.

அப்படித்தான் பெட்டி பிறந்தது. ஒருத்தியின் இடம் தன் தொண்டையில் இருக்கிறது என்று அதற்குச் சொல்லப்பட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

*

எங்கள் பக்கத்து ஜவுளிக்கடைகளில், தெரிந்தவர்கள் என்றால் நாலு சேலையைக் கொடுத்து, "வீட்ல காட்டிட்டு வாங்க" என்று அனுப்புவார்கள். ஜங்ஷனில் மின்பொருள் கடை வைத்திருக்கும் காதர் மைதீனும் அந்த வகை. "ரெண்டு இருக்கும்மா, ரெண்டுமே கனம் இல்லாதது. வீட்ல வச்சு வாசிச்சுப் பாருங்க. பிடிச்சத வச்சுக்கிட்டு மத்தத கொண்டாந்து தாங்க" என்று கொடுத்துவிட்டார்.

இரண்டும் மேசைமேல் வந்து உட்கார்ந்தன. பெட்டி மாப்பிள்ளை பார்க்கிற மும்முரத்தில் இருந்தது.

முதலாவது, பளபளவென்று கூடு போட்டது. முகத்தில் நீல விளக்குகள். நெற்றியில் ஆயிரம் வாட் என்று பொன் எழுத்து. அதை மினுக்கன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதற்குக் கூடே கிடையாது. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்தால் அடங்கிவிடுகிற ஒரு பச்சை போர்டு. மேலே சின்னச் சின்ன உருளைகள், கம்பிச் சுருள்கள், ஓரத்தில் ஒரு குட்டி விளக்கு. அவ்வளவுதான்.

"உனக்கு எத்தனை வாட் வேண்டும்?" என்று மினுக்கன் பெட்டியைக் கேட்டது.

"எவ்வளவு கொடுப்பாய்?"

"நீ கேட்கிற அளவு. அதற்கு மேலும்."

பெட்டிக்கு வாயெல்லாம் பல்லானது. பச்சை போர்டின் பக்கம் திரும்பி, "நீ?" என்றது.

"உன் ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும்?" என்று போர்டு திருப்பிக் கேட்டது.

"என்ன கேள்வி இது? என்னால் எவ்வளவும் தாங்க முடியும்."

"பின்னால் எழுதியிருக்கிறதே, இருநூறு வாட் என்று. நான் அதுவரைக்கும் கொடுப்பேன்."

முதல் சந்திப்பிலேயே உடம்பின் பலவீனத்தை விசாரிக்கிறவர்களை யாருக்குத்தான் பிடிக்கும்? பெட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஹெப்சிபா முதலில் மினுக்கனை மாட்டினாள். ஒரு கம்பியை மீட்டினாள். அடேயப்பா! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலமாரியில் பாத்திரங்கள் பேசிக்கொண்டன. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நெஞ்சுக்குள்ள இடிக்கு" என்றார். பெட்டி தன் குரலைத் தானே கேட்டுச் சொக்கிப் போனது.

அடுத்து போர்டை மாட்டினாள். அதே கம்பி, அதே விரல். தம் என்று ஒரு ஓசை வந்தது. வந்தது, நின்றது. கண்ணாடி அசையவில்லை. எதிர்வீட்டுக்காரரும் எட்டிப் பார்க்கவில்லை.

"இதுதானா?" என்றது பெட்டி.

"அவள் விரல் என்ன சொன்னதோ அதை அப்படியே சொன்னேன்" என்றது போர்டு.

"கொஞ்சம் சேர்த்துச் சொன்னால் குறைந்தா போய்விடுவாய்?"

பேச்சில் கெட்டிக்காரத்தனம் போர்டுக்குப் போதாது.

ஹெப்சிபாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். பேஸ் வாசிக்கிற எல்லாரும் செய்கிற தவறுதான். தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வேறு எந்த வாத்தியமும் இல்லாமல், தன் ஓசையை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கூட்டத்தோடு வாசிக்கப் போகிற கருவியைத் தனிமையில் வைத்து எடைபோட்டால் கணக்கு எப்படிச் சரியாக வரும்? அவள் மினுக்கனையே எடுத்துக்கொண்டாள். போர்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பைக்குள் போட்டு ஆணியில் மாட்டினாள்.

*

வியாழக்கிழமை சாயங்காலம் ஜெயசிங் வீட்டு மாடியில் ஒத்திகை. ஹெப்சிபா பெட்டியை ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு படியேறியதைப் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள். பெட்டி அந்தக் கைதட்டலைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

டிரம்ஸ் தொடங்கியது. கீபோர்டு சேர்ந்தது. மினுக்கன் தன் வழக்கப்படி அடி ஓசையை அள்ளி அள்ளிக் கொடுத்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் அது ஓசையாக நிற்கவில்லை. குழைந்துபோன சோறு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. எந்தச் சுரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"அக்கா, சத்தம் இருக்கு. சொரந்தான் தெரியல" என்று ஜெயசிங் கத்தினான்.

ஹெப்சிபா குமிழைத் திருகினாள். இன்னும் திருகினாள்.

"கொடு, கொடு" என்றது பெட்டி.

"இதோ" என்றது மினுக்கன். பாவம், ஆயிரம் என்பது அதன் நெற்றியில்தான் இருந்தது, உள்ளே இல்லை. தன் சக்தி தீர்ந்த பிறகும் தருகிறேன், தருகிறேன் என்று சொல்லி, ஓசையின் தலையையும் காலையும் வெட்டி, முண்டமாக அனுப்பத் தொடங்கியது. முண்டமான ஓசை ஸ்பீக்கரின் தொண்டைக்குள் சூடாக இறங்கியது. பெட்டி கரகரத்தது. காகிதம் பொசுங்குகிற வாடை மெல்ல வந்தது.

ஹெப்சிபா பாய்ந்து மின்சாரத்தை நிறுத்தினாள். கூம்பின்மேல் கை வைத்து மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். கிழியவில்லை, கருகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஸ்பீக்கர் செத்திருக்கும்.

"சனிக்கிழமைக்கு நான் எடது கையத் தயாரா வச்சுக்கிடுதேன் அக்கா. வேற வழி தெரியல" என்றான் ஜெயசிங். அவன் இரக்கமாகத்தான் சொன்னான். இரக்கமாகச் சொன்னதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

*

வெள்ளிக்கிழமை காலையில் மினுக்கன் பைக்குள் போனது, போர்டு வெளியே வந்தது.

மினுக்கனைப் பற்றித் தவறாக நினைக்க வேண்டாம். அது கெட்டதல்ல. ஒரு வீட்டுக் கூடத்தில், ஒற்றை ஆள் சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்க அதைவிட இதமான துணை கிடையாது. தனக்குப் பொருந்தாத இடத்தில் போய், இல்லாததை உண்டு என்று சொன்னதுதான் அதன் குற்றம்.

ஹெப்சிபா ஓர் அலுமினியத் தகட்டில் போர்டைத் திருகி, பெட்டியின் முதுகுக்குள்ளேயே பொருத்தினாள். மூலையில் கிடந்த பழைய இரும்பு ஆம்ப் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் இப்போது துவைத்த துணிகள் அடுக்கியிருந்தன.

"உன்னை இரண்டு விரலால் எடுத்துவிட்டாளே. கனமே இல்லாமல் எப்படியப்பா வேலை செய்வாய்?" என்று அது கேட்டது.

"உங்கள் கனத்தில் முக்கால்வாசி அந்த இரும்புச் சுருளும் சூடு தணிக்கிற தகடுகளும்தானே ஐயா. நான் மின்சாரத்தை வேக வேகமாகத் திறந்து மூடி அனுப்புகிறேன். வீணாகச் சூடாவது குறைவு. அதனால் பெரிய உடம்பு தேவைப்படவில்லை."

பழைய ஆம்ப் தன் இரும்பு உடம்பை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"என்னைத் தூக்கும்போது ஆட்கள் முனகுவார்கள். அதை இத்தனை காலமும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றது.

அதைக் கேட்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது. நன்றாக உழைத்த ஆம்ப் அது.

பெட்டி மட்டும் தொண்டை நொந்துபோய் இருந்தது. போர்டைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டது: "நாளைக்குக் கேட்குமா?"

"தெரியவில்லை. உன்னைக் கிழிக்க மாட்டேன். அது மட்டும் தெரியும்" என்றது போர்டு.

*

சனிக்கிழமை மாலை. கல்யாண மண்டபத்தில் வரவேற்பு. நாற்காலிகள் நிரம்பிவிட்டன. ஒருபக்கம் பந்தி, ஒருபக்கம் பரிசு கொடுக்க வரிசை. இவ்வளவுக்கும் நடுவே பாட்டு.

ஹெப்சிபா தன் காலடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். மேடையின் அந்தக் கோடியில் ஜெயசிங். முதல் பாட்டு தொடங்கியது.

அவளுக்குத் தன் பேஸ் கேட்கவில்லை. டிரம்ஸ் கேட்டது, பாடுகிறவர் கேட்டார், பந்தியில் சாம்பாருக்கு ஆள் கூப்பிட்டதுகூடக் கேட்டது. அவள் விரல்கள் கம்பியில் நடந்தன. எங்கே போய்ச் சேர்ந்தன என்று தெரியவில்லை.

"என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூட்டு!" என்றது பெட்டி.

"உன் அளவுக்கு வந்துவிட்டோம்" என்றது போர்டு. அதன் ஓரத்தில் இருந்த குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது.

"அளவாவது கிளவாவது! அவள் இடம் போகிறது. கண்ணில்லையா உனக்கு?"

"இருக்கிறது."

"அப்படியானால் கொடு. நான் கிழிந்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு பாட்டாவது கேட்கட்டும்."

"நீ கிழிந்தால் அடுத்த பாட்டுக்கு அவளுக்கு யார் இருக்கிறார்கள்?"

ஹெப்சிபாவின் கை குமிழுக்குப் போனது. திருகினாள். போர்டு அந்த அளவிலேயே நின்றது. சத்தம் ஏறவில்லை. மறுபடியும் திருகினாள். ஏறவில்லை. இன்றோடு முடிந்தது என்று நினைத்தாள். இதுதான் கடைசிக் கச்சேரி என்றால் ஒழுங்காகவாவது வாசித்துவிட்டுப் போவோம் என்று குமிழை விட்டுவிட்டு, கம்பியைப் பார்த்துக் குனிந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது பாட்டில் ஜெயசிங்கின் இடது கை கீபோர்டின் கீழ்க் கட்டைகளுக்கு இறங்குவதைப் பெட்டி பார்த்தது. சொன்ன மாதிரியே பேஸை வாசிக்க வந்துவிட்டது.

"பார்த்தாயா? முடிந்தது. உன் நியாயம் நம்மைத் தெருவில் நிறுத்திவிட்டது" என்றது பெட்டி.

போர்டின் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

ஜெயசிங் பத்துப் பன்னிரண்டு சுரம் வாசித்திருப்பான். முகம் சுளித்தான். தன் கையைப் பார்த்தான். ஹெப்சிபாவைப் பார்த்தான். இன்னும் இரண்டு சுரம் வாசித்தான். பிறகு இடது கையை மேலே எடுத்துக்கொண்டான். எடுத்த கையை என்ன செய்வது என்று ஒரு கணம் தெரியவில்லை போலிருக்கிறது. அப்புறம் அது வலது கைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. அவன் இரண்டு கையாலும் மேல் கட்டைகளில் வாசிக்கத் தொடங்கினான். பாட்டு அகலமானது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

ஹெப்சிபா குனிந்தே இருந்ததால் இதையெல்லாம் பார்க்கவில்லை.

இடைவேளையில் அவன் அவளிடம் வந்தான். அவள் அதற்குள் கிட்டாரை உறைக்குள் வைக்கப் போய்விட்டாள்.

"எங்கக்கா எடுத்து வைக்கீய? இன்னும் ஏழு பாட்டு இருக்கு."

"சொன்ன வாக்கு வாக்குதான் தம்பி. கேக்கலல்லா? நீயே வாசிச்சிக்கிடு."

"கேக்கலயா? ஒவ்வொரு சொரமும் தனித்தனியாக் கேட்டுச்சு. நான் கூட வாசிச்சேன், மோதுச்சு. பேசாம கைய எடுத்துட்டேன்."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலயே."

"பெட்டிய காலுக்கடியில வச்சுக்கிட்டு நின்னா ஒங்களுக்கு எப்படிக் கேக்கும்? மொழங்காலுக்கா காது இருக்கு? ஒரு பாட்டுல எனக்கு வாசிக்க வேல இல்லல்லா, அப்ப அங்க கடைசி வரிசை வரைக்கும் போய் நின்னு கேட்டேன். பந்தியில எல போடுற எடம் வரைக்கும் கேக்கு."

ஹெப்சிபா உறையின் ஜிப்பைப் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள்.

"அடுத்த வாரம் சுரண்டைல ஒரு கல்யாணம்" என்றான் ஜெயசிங். "காலையிலயே வேன் கெளம்பிரும். வந்துருவீயள்லா?"

"வேன்ல எடம் இருக்கா?"

"இருக்குக்கா" என்றான் அவன். இந்தத் தடவை அவன் செருப்பைத் தேடவில்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

*

கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது, டிரம்ஸுக்கும் கதவுக்கும் நடுவே பெட்டி உட்கார்ந்திருந்தது. மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே போர்டு லேசாகக் குலுங்கியது.

"உன்னைக் கண்டபடி பேசிவிட்டேன்" என்றது பெட்டி.

"பரவாயில்லை."

"ஒன்று சொல். நான் அவ்வளவு கத்தினேன், அவள் குமிழை அப்படித் திருகினாள். நீ அசையவே இல்லை. கடைசி வரிசையில் கேட்கிறது என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கும், இல்லையா?"

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றது போர்டு. "பயந்துகொண்டேதான் உனக்கு அளந்து கொடுத்தேன்."